பட்டிங்கா, பந்தை அடிக்கும் திறனா: ஸ்கோரைக் குறைப்பது எது?

கேள்வி: தோமலூர்வாசி

வணக்கம். பெங்களூரில் கோல்ஃப் ஆடும் தமிழர்கள் இங்கே பலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். என் ஸ்கோர் பெரும்பாலும் 96-ஐ ஒட்டியே நிற்கிறது; அதில் ஏறத்தாழ 36 ஷாட்டுகள் பட்டரால், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையால் அடிப்பவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனிலேயே செலவாவதால், அலுவலகம் முடிந்து கிடைக்கும் மாலை நேரத்தை முழுக்கப் பட்டிங்குக்கே ஒதுக்கச் சொல்கிறார் என் பயிற்சியாளர். உடன் ஆடும் நண்பரோ, பயிற்சி மைதானமான ரேஞ்சில், கிரீனை நோக்கி அடிக்கும் அயர்ன் மட்டை ஷாட்டைச் சீராக்காதவரை ஸ்கோர் இறங்காது என்கிறார். இரண்டையும் செய்ய எனக்கு நேரமில்லை. எதை முதலில் எடுத்துக்கொள்வது?

பதில்: ஏழாம் நம்பர் அயர்ன்

உங்கள் நண்பர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. எத்தனை ஷாட்டுகள் செலவாகின்றன என்பதை வைத்து எது முக்கியம் என்று முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் கிரீனில் எல்லோருக்குமே ஷாட்டுகள் செலவாகத்தான் செய்யும். அமெரிக்க பிஜிஏ டூர் வீரரின் சராசரி ஸ்கோர் ஏறத்தாழ 71. அதில் பட்டிங் 29. உங்களுக்கும் அவருக்கும் உள்ள 25 ஷாட் இடைவெளியில் 7 மட்டுமே பட்டிங்கில் வருகிறது, மீதி 18 பந்து கிரீனை எட்டுவதற்கு முன்பே போய்விடுகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஒவ்வொரு ஷாட்டும் அது தொடங்கிய இடத்தின் சராசரியைவிட எவ்வளவு ஆதாயம் தந்தது என்று கணக்கிடும் முறையை வகுத்தார். பிஜிஏ டூர் 2011-இல் அதைப் பட்டிங்குக்கு அதிகாரப்பூர்வ அளவீடாகவே ஏற்றது. 2004 முதல் 2012 வரையிலான தரவுகளில், முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிடப் பெற்ற ஆதாயத்தில் கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுகளின் பங்கு சுமார் 40 சதவீதம், தொடக்க இடத்திலிருந்து நெடுந்தூரம் அடிக்கும் டிரைவிங்கின் பங்கு 28 சதவீதம், பட்டிங்கின் பங்கு 15 சதவீதம் மட்டுமே. நம்மைப் போன்ற அமெச்சூர்களிடையேயும், 80 அடிப்பவரையும் 100 அடிப்பவரையும் பிரிக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில்தான் உருவாகிறது என்பதை அவர் காட்டினார்.

பதில்: அல்சூர் ஏரிக்கரை

மேலே சொன்ன முடிவை மறுக்கவில்லை. ஆனால் 29-ஐ 36-இலிருந்து நேராகக் கழிப்பதை ஏற்க முடியாது. டூர் வீரர் 18 கிரீன்களில் பன்னிரண்டு அளவுக்கு உரிய ஷாட்டுகளுக்குள் எட்டிவிடுகிறார், அதனால் அவருடைய முதல் பட் பெரும்பாலும் தொலைவிலிருந்து வருகிறது. நாம் கிரீனைத் தவறவிட்டு, கிரீனுக்கு அருகிலிருந்து மெல்லத் தூக்கி அடித்து (சிப்), பக்கத்திலிருந்து பட் செய்கிறோம்; அப்படியிருந்தும் 36 ஆகிறதென்றால், உண்மையான குறை அந்த ஏழைவிடக் கூடுதலே. எட்டு அடியிலிருந்து டூர் வீரர் பாதி பட்களைக் குழியில் போடுகிறார். 90 அடிப்பவருக்கு அந்தப் பாதி வாய்ப்பு ஐந்து அடியிலேயே முடிந்துவிடுகிறது.

நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கை நினைத்துப் பாருங்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தம்மைவிட வெகுதூரம் டிரைவ் செய்பவர்களோடு மோதி, பட்டரின் துணையால் 15 அண்டர் (நிர்ணயித்த ஷாட்டுகளைவிட 15 குறைவு) எடுத்து நான்காவது வந்தார். வெள்ளிக்கான பிளேஆஃபுக்குப் போன இருவரும் 16 அண்டர். ஒரே ஒரு ஷாட்! போட்டியை வென்ற வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வென்றவரின் ஆதாயத்தில் பட்டிங்கின் பங்கு 35 சதவீதம் வரை உயர்வதையும் பிராடியே கண்டார். எனவே பட்டிங்கைச் சிறிய விஷயமென்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

பதில்: பழைய கேடி நண்பர்

இருவரும் டூர் வீரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், கேட்டவரோ 96 அடிப்பவர். அவருடைய ஒரு ஹோலைப் பார்ப்போம். நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய ஹோலில் (பார் 4) டிரைவ் வலப்பக்கம் எல்லைக்கு வெளியே (ஓபி) போகிறது. தண்டனையோடு மூன்றாவது ஷாட்டை மீண்டும் தொடக்க இடமான டீயிலிருந்து அடிக்கிறார். நான்காவது கிரீனுக்கு முன்னால் விழுகிறது. சிப் ஐந்து அடியில் நிற்கிறது. அந்தப் பட் குழியின் உதட்டைத் தொட்டு வெளியேற, 7 என்று எழுதுகிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்தில் உறுத்துவது அந்த ஐந்தடிப் பட்தான். ஆனால் அந்தத் தூரத்தில் அவருக்குப் பாதி வாய்ப்புதான் என்பதால் அங்கே இழந்தது அரை ஷாட்; டிரைவில் இழந்தது இரண்டு.

1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் போல மரங்கள் நெருங்கி நிற்கும் கோர்ஸ்களில் நீளமாக அடிப்பதைவிட நேராக அடிப்பதே ஸ்கோரைக் காக்கும். ஆகவே, ஐயா, ரேஞ்சில் முதலில் பந்தை ஆட்டத்துக்குள் வைக்கும் டீ ஷாட்டையும், பிறகு 150 கெஜ அயர்னையும் பழகுங்கள். மாலையின் கடைசிக் கால் மணி நேரத்தைப் பட்டிங்குக்கு வைத்துக்கொண்டு, அதிலும் முப்பது அடியிலிருந்து குழிக்கு அருகே நிறுத்துவதை மட்டும் செய்தால், மூன்று பட் ஆகும் ஹோல்கள் விரைவில் குறையும்.

தோமலூர்வாசி

மிக்க நன்றி. ஓபி கணக்கை நான் ஸ்கோர் கார்டில் தனியாகக் குறித்ததே இல்லை. இனி ஒவ்வொரு ஹோலுக்கும் தண்டனை ஷாட், முதல் பட்டின் தூரம் இரண்டையும் எழுதிவைத்து, அந்தக் கார்டுகளோடு பயிற்சியாளரிடம் பேசுகிறேன்.