படையும் காவலும் இல்லாத உடன்படிக்கைக்கு நாடுகள் கட்டுப்பட்டது எப்படி?

தென்பொருநை (கேள்வி):

பன்னாட்டு அமைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, தீர்மானம் போடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத மன்றங்கள் அவை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பருவநிலை மாநாடுகளை ஆண்டுதோறும் கவனித்துவரும் எனக்கும் அதை மறுக்க வாய் வருவதில்லை. ஆனால், ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரியாலில் கையெழுத்தான உடன்படிக்கை மட்டும் விலக்காகத் தெரிகிறது. அதற்கும் படை இல்லை, காவல் இல்லை. எதிலும் ஒத்துப்போகாத நாடுகள் அதற்கு மட்டும் கட்டுப்பட்டது ஏன்? தொடக்கத்தில் ஒதுங்கி நின்ற இந்தியா 1992-இல் சேர்ந்ததாகப் படித்தேன். இடையில் என்ன மாறியது?

ஆவணக்காரன்:

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை கண்டால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1974-இலேயே எழுதிவிட்டார்கள். எனினும், அண்டார்க்டிகாவின் வசந்த காலத்தில் ஓசோன் கடுமையாகக் குறைவதை ஹாலி நிலையத்தின் அளவீடுகளைக் கொண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட பிறகுதான் பேச்சு சூடுபிடித்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராக இருந்த எகிப்தியர் முஸ்தஃபா டோல்பா விடாமல் பேசிப் பேசி, 1987 செப்டம்பர் 16-இல் உடன்படிக்கையைக் கையெழுத்து வரை கொண்டுவந்தார்.

அந்த முதல் வடிவம் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கொடுத்ததே தவிர, பணத்துக்கு வழி சொல்லவில்லை. ஓசோனைக் கெடுத்தவர்கள் வேறு யாரோ, செலவு மட்டும் நம் தலையிலா என்று இந்தியாவும் சீனாவும் கேட்டதில் நியாயம் இருந்தது. 1990-இல் லண்டனில் கூடியபோது, அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி, தொழில்நுட்பமும் நிதியும் வராமல் கடமை மட்டும் வர முடியாது என்று உறுதியாக நின்றார். மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஆகும் கூடுதல் செலவை ஏற்கும் பலதரப்பு நிதியம் அங்கேதான் பிறந்தது. அதன் செயற்குழுவில் பணம் கொடுக்கும் நாடுகளுக்கு 7 இடங்கள், பெறும் நாடுகளுக்கும் 7 இடங்கள். கொடுப்பவரே நாட்டாமை செய்யும் வழக்கமான ஏற்பாடு இல்லை என்பதுதான் இதில் எனக்கு முதன்மையாகப் படுகிறது. மறுபுறம், சேராத நாடுகளோடு இவ்வாயுக்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்ற விதி உடன்படிக்கையிலேயே இருந்தது. வெளியே நின்றால் சந்தை போகும், உள்ளே வந்தால் பணம் வரும் என்ற நிலையில், சீனா 1991-இலும் இந்தியா அடுத்த ஆண்டும் சேர்ந்தன.

மற்றொன்றும் உண்டு. பட்டியலில் ஏற்கெனவே உள்ள வாயுக்களுக்கான கெடுவை, ஒவ்வொரு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கும் காத்திராமல், உறுப்பு நாடுகளின் கூட்டமே இறுக்கிவிடலாம். பாதியாகக் குறைப்பது என்று தொடங்கிய இலக்கு, 1996-இல் வளர்ந்த நாடுகளிலும் 2010-இல் மற்ற நாடுகளிலும் முழு நிறுத்தமாக மாறியது இப்படித்தான். பருவநிலைப் பேச்சுகளிலோ வாக்கெடுப்பு விதியே இன்றுவரை ஏற்கப்படவில்லை. எல்லோரும் இசைந்தால்தான் எதுவும் நகரும்.

சந்தேகப்பிராணி:

அமைப்புக்கு இவ்வளவு புகழ் சேர்ப்பது மிகை. சி.எஃப்.சி.யைத் தயாரித்தவை ஒப்பளவில் சில நிறுவனங்கள்தாம். அவற்றுள் பெரியதான டூபாண்ட் 1988-இல் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்ததற்கு, மாற்று வாயுவிலும் வருமானம் உண்டு என்ற கணக்கும் காரணம் என்றே கருதுகிறேன். நிலக்கரியை அப்படி மாற்றிவிட முடியுமா? மேலும், தடைக்குப் பிறகும் இவ்வாயுக்களில் ஒன்றான சி.எஃப்.சி.-11-இன் வெளியேற்றம் கூடியதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஆவணக்காரன்:

நிலக்கரி பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் சி.எஃப்.சி.-11 கதை உங்கள் பக்கம் சாயவில்லை. அதன் வெளியேற்றம் கூடியிருப்பதை வளிமண்டல அளவீடுகள் 2018-இல் வெளிப்படுத்தின. கொரியாவின் ஜேஜு, ஜப்பானின் ஹதெருமா ஆகிய தீவுகளில் பதிவான அளவுகளைக் கொண்டு, அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து, முக்கியமாக ஷான்டாங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து, வருவதாக அடுத்த ஆண்டு காட்டினார்கள். 2019-க்குள் வெளியேற்றம் பெருமளவு இறங்கிவிட்டது. திருடன் இல்லாத ஊர் இல்லை. இங்கே அவன் தெருவரை அடையாளம் காணப்பட்டான்.

கம்ப்ரசர்:

ஐயா, கோவையில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். மாநாட்டில் பேசியது பட்டறைக்கு எப்படி வந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

அந்நாளில் பழுதான பெட்டியில் எஞ்சிய ஆர்-12 என்ற சி.எஃப்.சி. வாயுவைக் காற்றில் திறந்துவிடுவோம். குழாயைச் சுத்தம் செய்யவும் அதே வாயுவைத்தான் ஊதினோம். தவறு என்று எவரும் சொன்னதில்லை. அதற்கு மாற்றாக ஆர்-134ஏ வாயு வந்தபோது, கம்ப்ரசரில் ஊற்றும் பழைய எண்ணெய் அதற்கு ஒத்துவரவில்லை. புதிய எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இல்லாமல் கேஸ் அடித்தால், கேபிலரி என்ற மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டது. எனக்குப் பயிற்சி கிடைத்த இரண்டு நாட்களில், வாயுவை உருளையில் திரும்பப் பிடிக்கும் கருவியை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். பயிற்சிக்கு வராதவர்கள் பழையபடியே செய்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தென்பொருநை:

நன்றி. ஆர்-134ஏ வாயுவும் இப்போது குற்றவாளிப் பட்டியலில் இருக்கிறதே?

கம்ப்ரசர்:

ஆம், அது ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் இதே உடன்படிக்கைக்குச் செய்த திருத்தப்படி, இந்தியா இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2028-இல் மேலும் கூடாமல் நிறுத்தி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் இப்போதே ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன் வாயு வருகிறது. சில பத்து கிராம்களே போதும். ஆனால் தீப்பற்றும் வாயு என்பதால், குழாயில் எஞ்சியதை முழுவதும் வெளியேற்றாமல் பற்றவைப்புச் சுடரை அருகே கொண்டுபோகாதே என்று பட்டறைப் பையன்களுக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.