பொருள்: மறு: திறனா, வலுவா? பயனுறுதிறனையும் சேர்த்துப் பார்ப்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

இயற்பியல் பாடத்தின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போக வேண்டும். நம் இழையோ இன்னும் மூன்றாவது சொல்லிலேயே நிற்கிறது: வேலை செய்யும் வீதத்தை (power) திறன் என்பதா, வலு என்பதா? முதலிரண்டான வேலை (work), ஆற்றல் (energy) இரண்டையும் இனித் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'வேலை' பேச்சு வழக்கு, 'வினை' என்பதே செப்பம் என்றார் ஐயா ஒருவர். ஆனால் வேதிவினை, எதிர்வினை என்று அச்சொல் ஏற்கெனவே வேறிடத்தில் குடியேறிவிட்டது. 'சக்தி'யை நான் தவிர்ப்பது அது வடசொல் என்பதற்காக அன்று. விசை, ஆற்றல், திறன் மூன்றுக்கும் மக்கள் அதையே ஆள்கிறார்கள் என்பதற்காகத்தான். (ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847-இல் ஆற்றல் அழியாமையைப் பற்றி எழுதியபோது, விசைக்குரிய ஜெர்மன் சொல்லையே ஆற்றலுக்கும் வைத்தார். நம் குழப்பம் புதிதன்று.)

> திறன் என்றால் மாணவர் திறமை என்றே கொள்வர். இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'வலு'வே பொருத்தம்.

வலுவை ஆதரிக்கும் நண்பர் எழுதிய இதில் பாதி உண்மை உண்டு. 60 கிலோகிராம் நிறையுள்ள இருவர் 5 மீட்டர் உயரம் படியேறுகிறார்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், இருவர் செய்த வேலையும் தனித்தனியே 3,000 ஜூல். ஒருவர் 10 நொடியில் ஏறினால் 300 வாட், மற்றவர் 30 நொடியில் ஏறினால் 100 வாட். "பின்னவரின் திறன் குறைவு" என்று வாசித்தால், அவருக்குப் படியேறவே தெரியாததுபோல் தொனிக்கிறது. ஆனால் வலு என்றதும் கனமானதைத் தூக்கும் வலிமை, அதாவது விசை, நினைவுக்கு வருகிறது. "வினைவலியும் தன்வலியும்" என்னும் குறளைக் காட்டியவருக்கு ஒரு சொல்: அங்கே வலி தூக்கிப் பார்க்க வேண்டியதாக வருகிறதே தவிர, காலத்தால் வகுக்கப்படவில்லை.

என்னை உறுத்துவது efficiency-க்கு நாம் ஆளும் 'பயனுறுதிறன்'தான். "திறன் குறைந்த மோட்டாரின் பயனுறுதிறன் அதிகம்" என்று நானே மொழிபெயர்த்த வரியை நேற்று மும்முறை படித்தபின்தான் அதில் முரண் இல்லை என்று தெளிந்தேன். செலுத்திய ஆற்றலில் எவ்வளவு பயனாயிற்று என்று சொல்லும் அலகற்ற எண், வாட்டில் அளக்கும் ஒன்றின் பெயரை ஏன் சுமக்க வேண்டும்? 'பயன்வீதம்' எனலாம் என்றால், வேலை செய்யும் வீதமே திறன் என்று முந்தைய பத்தியில்தான் வரையறுத்திருக்கிறோம். ஆகவே 'பயன்தகவு' என்று முன்மொழிகிறேன். பாய்சான் தகவு (Poisson's ratio) என்று அச்சொல் விகிதப் பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. "தக்கார் தகவிலர்" என்னும் குறளில் தகவு தகுதியையல்லவா குறிக்கிறது என்று மறுப்பு வரும் என்பதும் தெரியும். தகுதியை ஒப்பிட்டுத்தானே அறிகிறோம்!

வலுவை ஆதரித்த இருவரும் இதற்கு இசையவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இப்போதைக்குத் திறன், பயன்தகவு என்றே அனுப்புகிறேன். திறன் முதலில் வரும் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் 'வலு' இருக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்னும் வரியை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளி வரை கவனிக்காதிருந்தால் உதவியாக இருக்கும்.