புதுப்பிப்பு: தலைச்சேரி ஆடுகளுக்குக் கோடைத் தீவனம்

கோடையில் பால் குறைகிறது, கடைத் தீவனம் கட்டுபடியாகவில்லை, ஆத்தூர் பக்கம் கிடைப்பதை வைத்து என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது மர இலையும் கடலைக்கொடியும் சேர்த்துக் கொடுக்கும் யோசனைதான். காலையில் வெட்டிய அகத்தி, சூபாபுல் (சவுண்டல் மரம்) தழையை வாடவிட்டு மாலையில் கொடுக்கிறேன். இரவுக்கு நறுக்கிய காய்ந்த கடலைக்கொடி. பால் பழைய அளவுக்கு வந்துவிட்டது, தீவனச் செலவும் நன்றாகக் குறைந்தது. சூபாபுல் மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் அதிகமானால் முடி கொட்டும்.

ஜவ்வரிசி ஆலைத் திப்பியை (மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) மலிவு என்று பலர் சொன்னீர்கள். அதில் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. அதனால் காயவைத்து, கடலைப் புண்ணாக்கோடு கொஞ்சமாகக் கலக்கிறேன். திடீரென்று அதிகம் வைத்தால் வயிற்றில் அமிலம் கூடிவிடும், சிறுகச் சிறுகப் பழக்குங்கள்.

எதிர்பாராதது ஒன்று: அசோலாவை (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிச் செடி) நன்றாகக் கழுவிக் கொடுத்தும் பெரிய ஆடுகள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. குட்டிகள் மட்டும் தவிட்டோடு தின்கின்றன. அப்புறம், தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டதில் வீணாவது வெகுவாகக் குறைந்தது.