கலவைமானியா, கலவைகாட்டியா?

நண்பர்களே, வணக்கம். இன்ஜினுக்குள் போகும் கலவையைக் காட்டும் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் இப்படி ஒரு யோசனை வந்தது:

> காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று சொல்லும் கருவிக்குக் 'கலவைமானி' எனலாம். வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் சேர்ந்துவிடும்.

நல்ல சொல்தான். ஆனால் நாம் வீட்டில் செய்துகொள்ளும் கருவிக்கு அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் காரில் இருப்பது பத்து எல்இடி விளக்குகள் வைத்த சின்னப் பலகை. எல்எம்3914 சில்லு 0 முதல் 1 வோல்ட் வரை பத்தாகப் பிரித்துக் காட்டும். புகைக்குழாயில் இருந்துகொண்டு, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனுக்கேற்ப மின்னழுத்தம் தரும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து அதில் கொடுத்திருக்கிறேன். வண்டியைக் கிளப்பியதும் ஒன்றும் தெரியாது. சென்சார் சுமார் 300 டிகிரிக்குச் சூடேற வேண்டும். அப்புறம் பார்க்கலாம். சீரான வேகத்தில் போகும்போது ஒளி நொடிக்கு ஓரிரு முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் மேல்கோடியில் போய் நிற்கும். காலை எடுத்தால் அடியோடு அணைந்துவிடும். நடு விளக்கு நிலையாக எரிந்து நான் பார்த்ததே இல்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற இடத்தைத் தாண்டிக் கலவையில் பெட்ரோல் கூடும்போது, இந்தச் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 பக்கத்திலிருந்து 0.9 பக்கத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறது. பெட்ரோல் தூக்கலா குறைச்சலா என்பது தெரிந்துவிடும். எவ்வளவு தூக்கல், 13ஆ 12ஆ என்றால் சொல்ல வராது. சென்சாரின் சூடு மாறினாலே 0.85 வோல்ட் என்பது நகர்ந்துவிடும். பெயரில் 'மானி' என்று இருந்தால், அந்த எண்ணை நம்பி ஒருவர் கார்புரேட்டர் திருகைத் திருகுவார்.

தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. திசைகாட்டி பக்கத்தைச் சொல்லும், தொலைவைச் சொல்லாது. ஆய்வகத்து நிறங்காட்டி இன்னும் நெருக்கம். பினாப்தலீன் விட்ட அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது கரைசல் நிறமில்லாமலே இருக்கும்; கடைசி ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாகிவிடும். நம் சென்சார் செய்வதும் அதேதான். ஆகவே இதைக் 'கலவைகாட்டி' என்போம். அகலப்பட்டை சென்சார் வைத்த கருவி விகிதத்தையே எண்ணாகத் தருகிறது. 'கலவைமானி' அதற்கு இருக்கட்டும்.

> 14.7க்கு 'உகந்த கலவை'

இது வேண்டாம். இன்ஜின் முழு வலுவோடு இழுக்க 12.5, 13 பக்கம்தான் உகந்தது, மைலேஜுக்கோ 14.7ஐவிடச் சற்றுக் கூடுதல் காற்று. 'சமநிலை' என்றால் வேதியியலில் வேறு பொருள். ஆக்சிஜனும் மிஞ்சாமல் பெட்ரோலும் மிஞ்சாமல் ஒன்றுக்கொன்று ஈடாகிப்போகும் கலவை இது. 'ஈடுகலவை' என்று வைத்தால் சரிவருமா?