புதுப்பிப்பு: அக்கா மகனின் மூளை ரத்தக்கசிவு, காரணம் தெரிந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா மகனுக்குத் திடீர்த் தலைவலி, வாந்தி, வலிப்பு. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, எதனால் என்று கேட்டிருந்தேன். ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ஏ.வி.எம். என்கிறார்கள், அதாவது ரத்தக்குழாய்கள் தவறாகப் பின்னி முடிச்சாகிவிடும் கோளாறு. தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேராக இணைந்துவிடுகின்றன. தமனியின் அழுத்தம் தாங்காமல் குழாய்ச் சுவர் கிழியக்கூடும். பந்து விளையாடியதாலோ கண்ணேறாலோ வந்ததல்ல. தோட்டக் குடியிருப்பில் சிலர் அப்படிச் சொன்னதைக் கேட்டு அக்கா ரொம்பவே உடைந்துபோனாள், அதனால் அழுத்தியே சொல்கிறேன்.

முடிச்சு சிறியதுதான், ஆனால் ஆழத்தில் இருக்கிறது. அதனால் அறுவைக்குப் பதில் குறிபார்த்த கதிர்வீச்சு. முடிச்சு முழுதாக அடைபட 2 முதல் 3 ஆண்டுகள் ஆகலாம். அதுவரை கசியும் ஆபத்து உண்டு. பிள்ளைகளுக்கு அடைபட்டது மீண்டும் தோன்றலாம் என்பதால் அப்புறமும் ஸ்கேன் வேண்டும். இப்போதைக்கு வலிப்பு மருந்து தொடர்கிறது, பையன் நன்றாகப் பேசுகிறான்.