ஏற்றத்தில் மட்டும் ஜீப் அணைந்துவிடுகிறது: பம்ப் மாற்றவா?

குலாய்_ஜீப்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்வாசி. ஜீப் மச்சான் பெயரில் மலேசியாவில், ஜொகூர் குலாயில் நிற்கிறது. பழைய சுசுகி எஸ்ஜே410, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டுவோம். தார்ச்சாலையில் ஒரு குறையும் கிடையாது. செம்மண் மேட்டில் லோ ரேஞ்ச் (இழுவை கூடின மெதுவான கியர்) போட்டு மெதுவாக ஏறினால் பாதியிலேயே தடுமாறி அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ரொம்ப நேரம் சுற்றித்தான் பிடிக்கும், பிடித்ததும் கரும்புகை. உள்ளே பெட்ரோல் வாடை வேறு. இறக்கத்தில் ஒன்றும் இல்லை. பட்டறையில் பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? அடுத்த மாதம் பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

மழைக்காட்டான்:
டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு இருக்கும்போது அணைகிறது? குறைவாக இருந்தால் ஏற்றத்தில் எல்லாம் பின்பக்கம் ஓடிவிடும், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். மூடியையும் பாருங்கள். திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம்.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, பம்பில் கை வைக்காதீர்கள். பம்ப் தளர்ந்தாலும் டாங்கியில் குழாய் காற்றை இழுத்தாலும் இன்ஜின் பெட்ரோல் கிடைக்காமல் நிற்கும். அப்போது கரும்புகையும் வராது, வாடையும் வராது. உங்கள் இன்ஜின் பெட்ரோல் அதிகமாகி மூச்சுமுட்டி நிற்கிறது. அழுத்தம் கூடின புதுப் பம்ப் போட்டால் இன்னும் மோசமாகும். கார்புரேட்டருக்குப் பம்ப் அழுத்தம் 3 பிஎஸ்ஐ சுற்றளவில் இருந்தாலே தாராளம்.

கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் மிதவை. சமதரையில் பெட்ரோல் மட்டம், இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் ஜெட் குழாயின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்கும். அந்தச் சில மில்லிமீட்டர்தான் வேலி. இப்போது கணக்குப் போடுங்கள். கிண்ணத்தின் நடுவுக்கும் அந்த வாய்க்கும் 4 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். வண்டி 30 பாகை ஏறினால் இரண்டுக்கும் உயர வித்தியாசம் 2 செ.மீ. கிண்ணம் முன்பக்கம் இருந்தால் அது மேலே போய்விடும், பெட்ரோல் தானாகவே உள்ளே வழியும். பின்பக்கம் இருந்தால் நேர்மாறு, ஏற்றத்தில் பட்டினி, இறக்கத்தில் வழியும். ஆகவே முதலில் பானெட்டைத் திறந்து கிண்ணம் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள். அணைந்த உடனே கழற்றின ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். அணைந்த வண்டியோடு மேட்டில் மல்லுக்கட்டாதீர்கள். பிரேக் பூஸ்டர் (மிதியை இலகுவாக்கும் பாகம்) உள்ள வண்டியென்றால் இன்ஜின் நின்றபின் ஓரிரு மிதியில் பிரேக் கட்டையாகிவிடும். ரிவர்ஸ் கியரைப் போட்டு நேராகப் பின்னால் இறங்குங்கள், பக்கவாட்டில் திருப்பினால் உருண்டுவிடும். வழிந்த பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் தீ. வண்டியில் தீயணைப்பான் வையுங்கள்.

குலாய்_ஜீப்:
அண்ணே, கிண்ணம் முன்பக்கம்தான். பிளக் கன்னங்கரேல், ஈரம். டாங்கி பாதிக்கு மேல் இருந்தது, மூடியும் சரியாக இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:
அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். முதலில், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை மூடித் திறக்கும் நீடில் வால்வை மாற்றுங்கள். தேய்ந்த நீடில் குலுக்கலில் மூடாது. அப்புறம் மிதவை மட்டத்தை 1 மி.மீ. இறக்குங்கள், ஓட்டிப் பாருங்கள், தேவையென்றால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக இறக்கினால் நெடுஞ்சாலை வேகத்தில் பட்டினி கிடக்கும். மூன்றாவது, கிண்ணத்தின் காற்றுக்குழாய். அது காற்று உறிஞ்சும் வாய்க்குள் திறந்திருந்தால் சாய்வில் அது வழியாகவும் பெட்ரோல் உள்ளே போகும். பெட்ரோல் தாங்கும் குழாய் போட்டு அதை உயர்த்த வேண்டும், ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே முடியட்டும்.

சோதிக்க இங்கே சிங்கப்பூரில் இடம் கிடையாது. புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், அங்கேயும் ஜீப் ஏற்ற முடியாது. மாடிக் கார் நிறுத்துமிடச் சரிவெல்லாம் இதற்குப் பத்தாது. குலாயிலேயே ஒரு மேட்டில் முன்பக்கத்தை ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஐந்து நிமிடம் ஐட்லில் விடுங்கள். வழிந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஜிம்னி_சிங்கை:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என்னுடையது இன்ஜெக்‌ஷன் ஜிம்னி (கார்புரேட்டர் கிடையாது), சிங்கப்பூர்ப் பதிவு. எனக்கும் ஏற்றத்தில் இழுவை விட்டுப்போகும், ஆனால் புகை, வாடை எதுவும் இல்லை. முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள்தான் வரும்.

பழைய_ஸ்பேனர்:
உங்களுடையது டாங்கி விவகாரம் போலிருக்கிறது. சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்கி பெட்ரோல் இல்லாமல் மலேசியாவுக்குச் சோதனைச் சாவடி தாண்ட முடியாது, அதனால் முதல் நாள் டாங்கிக்குள் இருக்கும் பம்ப் முழுகித்தான் இருக்கும். 40 லிட்டர் டாங்கியில் மட்டம் இறங்கினபின் சாய்வில் பம்பின் வாய் வெளியே வரும், சுமார் 3 பார் இருக்க வேண்டிய அழுத்தம் ஒரு நொடியில் விழும். மேட்டுக்குப் போகுமுன் ரான்97 பெட்ரோல் ஊற்றி அரை டாங்கிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் ரான்95 நம் சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்குக் கிடையாது. அப்படியும் வந்தால் ஃபில்டரைப் பாருங்கள், அழுத்தத்தை அளந்து பாருங்கள். சர்ஜ் டாங்க் (பம்புக்குப் பெட்ரோல் விடாமல் கிடைக்கவைக்கும் சின்னத் துணை டாங்கி) அதற்கப்புறம்தான், அதற்கும் முதலில் எல்டிஏ (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம்) விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குலாய்_ஜீப்:
அண்ணே, நீடில் மாற்றி, மிதவையும் 1 மி.மீ. இறக்கியாச்சு. அதே மேட்டில் அணையாமல் ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும் லேசாகத் தடுமாறுகிறது, வாடையும் கொஞ்சம் இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:
அது காற்றுக்குழாய். அதையும் முடித்து, வாடை சுத்தமாக நிற்கும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.