பழைய பள்ளிக்கு நன்கொடை: புதிய கட்டடத்திற்கா, தமிழ்வழிப் பிரிவிற்கா?

கெடிலக்கரையான்:
கடலூரில் நான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த, அரசு உதவிபெறும் கிறித்தவப் பள்ளியிலிருந்து முன்னாள் மாணவர்களுக்குச் சென்ற வாரம் ஒரு மடல் வந்தது. மூன்று மாடிக் கட்டடம், இரண்டு கணினி ஆய்வகங்கள், வகுப்புதோறும் ஸ்மார்ட் போர்டு, ஆறாம் வகுப்பில் கூடுதலாக இரண்டு சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவுகள் என்று திட்டம் பெரிதாகவே இருக்கிறது. நாங்கள் படித்தபோது நான்கு பிரிவுகளாக இருந்த தமிழ்வழி ஆறாம் வகுப்பு இப்போது ஒரே பிரிவாகச் சுருங்கி, அதிலும் பாதிப் பெஞ்சுகள் காலியாக இருப்பதை நண்பர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். மடலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுக்க எண்ணியிருக்கிறேன். பொதுவாகக் கட்டட நிதியில் சேர்த்துவிடலாமா, இன்னதற்கென்று குறிப்பிட்டுக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
தம்பி, உதவிபெறும் பள்ளியின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. கட்டடம் நிர்வாகத்தின் பாடு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியாளர் நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். 1991-92க்குப் பிறகு தொடங்கிய பிரிவுகளுக்கு மானியம் இல்லை என்பதால், சுயநிதிப் பிரிவு எவ்வளவு வளர்ந்தாலும் அதற்கான ஆசிரியர் ஊதியம் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். தமிழ்வழியில் ஓர் இடம் போனால் அது திரும்பி வருவது அரிது. இதற்காகவே ஜூலைக் கடைசியில் நானும் உடற்கல்வி ஆசிரியரும் சைக்கிளில் முதுநகர்ப் பக்கத்து மீனவக் குப்பங்களுக்குப் போய், வலை பிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அவர்கள் வீட்டாரிடம் பேசி அழைத்து வருவோம். 1717இலேயே தரங்கம்பாடி மிஷனரிகள் தருமப் பள்ளி திறந்த ஊர் இது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கென்று அவர்கள் அதைத் திறக்கவில்லை என்பதை நிர்வாகத்தினரிடம் ஒருமுறை சொல்லவும் செய்தேன். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தேவனாம்பட்டினம் அம்மா:
ஐயா சொல்வது சரிதான். ஆனாலும் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் மூத்த மகள் இதே போன்ற ஒரு பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள்; அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகு, 2024 டிசம்பர் இறுதியில் புதுமைப் பெண் திட்டம் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டதால், மாதம் 1,000 ரூபாய் அவளுக்குக் கிடைக்கிறது. இளையவளை அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு ஆங்கிலவழியில் போட்டோம். அந்தத் தொகை அவளுக்கு வராது என்று சேர்க்கையின்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்போது அது யாருக்கும் தெரிந்திருக்கவும் முடியாது. இப்போது சேர்ப்பவர்களுக்காவது சொல்லலாமே? இன்னொன்று: ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்புக்கு நேர் கீழே இருக்கும் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாமல், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் பள்ளியில் எப்படி என்று நேரில் போய்ப் பாருங்கள்.

சிமெண்டு மூட்டை:
நான் கட்டடப் பொறியாளன். அதே பள்ளியின் பழைய மாணவனும்கூட. புதிய கட்டடத்திற்காகப் பழைய தொகுதியை இடிப்பார்கள் என்ற பேச்சு உண்மையானால் அது வீண் செலவு. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் காரையில் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் ஊரையே புரட்டிப் போட்டபோது, வாசல் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது, அந்தக் கூரை நின்றது. ஒழுகுவது உண்மை, ஆனால் மேல்தளத்தைச் செப்பனிட்டு, செல்லரித்த உத்தரங்களை மட்டும் மாற்றினால் போதும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கான்கிரீட் போடும்போது கம்பியைப் போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருக்காவிட்டால், கம்பி துருப்பிடித்து உப்பி, சில ஆண்டுகளிலேயே தளம் பெயர்ந்து விழத் தொடங்கும். திட்ட வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நன்கொடை கொடுப்பவர் கேட்பதில் தவறில்லை.

கெடிலக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. முப்பதாயிரத்தைக் கழிப்பறைக்கும், மீதியைத் தமிழ்வழிப் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் என்று எழுதிக் கொடுக்கலாம் என நினைக்கிறேன். ஆகஸ்டு 1க்கு முன் ஐந்தாறு பிள்ளைகளையாவது அது கூடுதலாகக் கொண்டுவந்தால் நல்லது. கடிதத்தைத் தலைமையாசிரியருக்கு எழுதுவதா, தாளாளருக்கா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:
தாளாளருக்கு எழுதி, நகலைத் தலைமையாசிரியருக்கு அனுப்புங்கள். எதற்கான பணம் என்பதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளை நானே வாங்கித் தருகிறேன்.